சமத்து என்றொரு சொல்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் கடையில் வைத்த பெயர் கல்லுளிமங்கை. கல்லுளிமங்கனுக்குப் பெண்பால் கண்டுபிடித்தவர் பில் போடுகிறவர். அந்தப் பெருமை அவருக்கு இன்னும் அடங்கவில்லை. நாற்பதைத் தாண்டியவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்வதற்குள் பேச்சு வேறு எங்காவது போயிருக்கும்.

முதலில் அவளைக் கடையின் முன்பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். புது பிரேமை மாட்டிப் பார்த்த ஓர் அம்மாள், "எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "இல்ல, உங்க மூக்குல சரியா உக்காரல," என்றாள் இவள். கேட்ட கேள்விக்கு நேரான பதில். "என்ன திமிர் பாரு!" என்று முதலாளி அன்றைக்கே பின்னறைக்கு அனுப்பிவிட்டார். அவளுக்கு அது தண்டனையே இல்லை. இயந்திரம் ஒரே சத்தத்தில் ஓடும், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். சாப்பாட்டு வேளைதான் பாடு. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தான் மட்டும் சிரிப்பது அவளுக்கே தெரியும், சுருக்கென்று தைக்கும். நாளடைவில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கமே போய்விட்டாள். அதற்கும் திமிர் என்றுதான் பெயர். கட்டினவன் விட்டுப் போனபோதும் அதே சொல்லைத்தான் சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு நாள் கடைக்கு வந்த ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறியது. "ஆட்டிசம்," என்று அதன் தாய் முதலாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். சட்டைக் கழுத்தில் இருக்கும் துணிப்பட்டை குத்துமாம், நாலு பேர் சேர்ந்து பேசினால் தாங்காதாம். கதவோரம் நின்று கேட்டவளும் தன் உடுப்பில் அந்தப் பட்டைகளையெல்லாம் கத்தரித்து எறிகிறவள்தான். அப்படியென்றால் தனக்கு இருப்பது திமிர் இல்லையோ? அதை ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

முதல் டாக்டர் சிரித்தார். "வேலைக்குப் போறீங்க, தனியா பஸ் ஏறி வந்திருக்கீங்க. உங்களுக்கு எப்படிம்மா இருக்கும்?" அடுத்த இடத்தில் வரவேற்பில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "குழந்தை எங்கம்மா?" என்றாள். "நான்தான்," என்றாள் இவள். பெரியவர்களை அங்கே பார்ப்பதில்லையாம். அலைந்து திரிந்து பிடித்த மூன்றாவது டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சின்ன வயசுல உங்களைப் பாத்தவங்க யாராவது வந்து சொல்லணும்," என்றார். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா இருந்தாள்.

அக்கா நல்லவள். தங்கைக்கு ஒன்றென்றால் அடித்துப்பிடித்து ஓடி வருகிறவள். லீவு போட்டுவிட்டு வந்தாள், தங்கையை யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை என்ற முடிவோடும் வந்தாள்.

"சின்ன வயசுல எப்படி இருப்பாங்க?" என்றார் டாக்டர்.

"சமத்துன்னா அப்படி ஒரு சமத்து! அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் குடுத்ததில்ல."

ஊர்ப்பட்ட பாசத்தையெல்லாம் இந்த ஒரு சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். சின்ன வயதில் இவள் மேஜைக்கு அடியில் பகல் முழுக்கப் பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள், சமத்து. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், அதுவும் சமத்து. வாய் திறக்காத குழந்தைக்குக் கிடைக்கிற கொஞ்சல், வளர்ந்த பிறகு வசவாகிவிடுகிறது.

"மத்தப் பிள்ளைங்களோட விளையாடுவாங்களா?"

"ஓ, நல்லா விளையாடுவா."

இவள் வாயைத் திறந்தாள். இரண்டு முகங்களும் தன் பக்கம் திரும்பியதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மேஜை விளிம்பைப் பார்க்க ஆரம்பித்தாள். டாக்டர் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள்.

"அப்போ அதுவா இருக்க வாய்ப்பில்லம்மா. மனசு களைச்சுப் போயிருக்கீங்க. நாலு பேரோட கலகலப்பா பழகுங்க, சரியாயிடும்."

வெளியே வந்ததும் அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அத்தானுக்கு அங்கிருந்தே போன் போட்டு, "அவளுக்கு ஒண்ணுமில்லையாம்!" என்றாள். பஸ் நிறுத்தத்தில்தான் இவளுக்குப் பேச்சு வந்தது.

"அக்கா, நான் யாரோடயும் விளையாடினதே இல்லக்கா."

"எனக்குத் தெரியாதாடி?" என்றாள் அக்கா, தங்கையின் தலைமுடியை ஆசையாக ஒதுக்கிவிட்டபடி. "அதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?"

அக்காவின் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே சந்தோஷமாகக் கையசைத்தாள். இவளும் அசைத்தாள்.