ஷிஃபாவுக்கு இல்லாத என்சைம்

டயட்டீஷியன் வேலைன்னா, காலைலேர்ந்து 'இத சாப்டாதீங்க'ன்னு சொல்லிட்டு மதியம் கேன்டீன்ல போய் அதையே சாப்டறது. இதே வேலைல மாட்டினவங்களுக்கு நான் சொல்றது புரியும். ரெண்டு பேஷன்ட்டுக்கு நடுவுல டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

ஒரு டப்பா

வேலூர் ஆஸ்பத்திரில நான் சேந்த புதுசு. ஆம்பூர் தோல் டேனரில ட்ரம் ஓட்டற சாதிக் பாய், அஞ்சு மாசப் புள்ள ஷிஃபாவ தூக்கினு வந்தாரு. அவ ஒடம்புல ஒரு என்சைம் இல்ல. பேரு ஃப்யூமரைல் அசிட்டோஅசிட்டேஸ். எனக்கு ரொம்ப புடிச்ச என்சைம்ங்க அது! தண்ணிய வெச்சே ரெண்டு கார்பனுக்கு நடுவுல இருக்கற பிணைப்ப வெட்டிடும். வெட்டலன்னா, புரதத்துலேர்ந்து வர்ற ஒரு துண்டு அப்படியே தங்கி வெஷமாயி ஈரல தின்னுடும், புள்ள தங்காது. நான் படம் போட்டு ஆர்வமா வெளக்கினு இருந்தேன். பாய் கண்ண தொடச்சிக்கினு கேட்டாரு: "என்சைம் எங்க கம்பெனிலயே இருக்குது மேடம், தோல் மெத்துனு ஆவ ட்ரம்ல போடுவோம். ஒரு டப்பா எடுத்தாந்தா போதுமா?"

வால்வு

அது வேற என்சைம், தோலுக்கு மட்டுந்தான்னு சொன்னேன். படத்த மடிச்சி வெச்சிட்டு டாக்டர் எழுதிக் குடுத்த காப்ஸ்யூல காட்டினேன். இது என்சைம தராது, அதுக்கு முன்னாடி நடக்கற வேலைய நிறுத்திடும், வெஷம் உருவாவாது. ஆனா புரதத்துலேர்ந்து வர்ற டைரோசின் மேலயே தேங்கி ரத்தத்துல ஏறும், அதனால பால் அளந்துதான். வளந்தப்புறமும் கறி, முட்ட, பருப்பு கெடையாது. சோறு கூட தராசுல வெச்சி. பாய் கேட்டாரு: "கீழ கால்வா அடைச்சிக்கிச்சி, அதனால மேல வால்வ மூடிட்றீங்க. அவ்ளோதான?"

இத்தன வருஷம் படிச்ச எனக்கு இது தோணல.

மூணு கல்யாணம்

ஷிஃபாவுக்கு ரெண்டு வயசு. ரத்த டெஸ்ட்ல டைரோசின் அளவு ஏறிடிச்சி. அந்த மாசம் வாணியம்பாடில மூணு கல்யாணமாம். எல்லார் தட்டுலயும் பிரியாணி, இவ மட்டும் கைய நீட்டி அழுதிருக்கா. ஊட்டினது பாயேதான். நான் சத்தம் போட்டேன். அவரு தலைய குனிஞ்சிக்கினே சொன்னாரு: "அழுதா இன்னா பண்றதுன்னு உங்க சீட்டுல எழுதல மேடம்."

கத்திரிக்கா துண்டு

நெசம்தான், எழுதல. அன்னிக்கே எழுதினேன்: ஜவ்வரிசி. அதுல புரதம் இல்லாத மாதிரிதான்.

அடுத்த டெஸ்ட்ல அளவு எறங்கிடுச்சி. பாய் டிபன் பாக்ஸ தொறந்தாரு. ஜவ்வரிசில பிரியாணி, புதினா வாசன, நடுவுல கறி மாதிரியே வெட்டின கத்திரிக்கா. ஒரு வாய் போட்டுட்டு சூப்பர்னேன். ஷிஃபா அவர் மடில ஒக்காந்து வெரல நக்கினு இருந்தா. "பொய் சொல்லாதீங்க மேடம், பச மாதிரி இருக்குது. ஆனா இப்ப இவ எங்க தட்ட பாக்கறதில்ல."

லீவு முடிஞ்சி வரவே வராத ஒரு என்சைமுக்கு பதிலா, ஒரு காப்ஸ்யூலும் ஒரு தராசும் ஒரு டேனரி பாயும் டூட்டி பாக்கறாங்க, நான் அட்டெண்டன்ஸ் எடுக்கறேன்.