கூடுதலாக ஒரு பை

சட்டையின் ஒரு கை பாதித் தையலில் நிற்க, எந்திரத்தின் விளக்கை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார் தையற்காரர். மணி ஆறு. தைத்த துணியை வாங்க வந்தவர், "இன்னும் ஒரு கைதானே, முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றார். "அந்தக் கை நாளைக்கும் இங்கயேதான் இருக்கும். எங்கயும் ஓடாது" என்றார் தையற்காரர். தையற்கடையில் அவருக்கு 'ஆறுமணி' என்றே பெயர்.

வீட்டிலும் அப்படித்தான். விருந்தாளி பேசிக்கொண்டிருக்கும்போதே பாயை விரித்துவிடுவார். "கோழிகூட உங்களைப் பார்த்துத்தான் அடையுது, மச்சான்" என்பான் மைத்துனன். "நீ ராத்திரி முழிச்சா கண்ணு சிவக்கும், மாப்ள. நான் முழிச்சா ஆஸ்பத்திரி" என்று சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்துக்கொள்வார்.

பொய்யில்லை. இரண்டு முறை மனநல மருத்துவமனையில் இருந்திருக்கிறார். இரண்டும் தூக்கம் தவறியதில் ஆரம்பித்தவை. முதல் தடவை கைக்குழந்தையின் அழுகை. அடுத்த தடவை அவசரத் தையல். "மாத்திரை பாதி, தூக்கம் பாதி" என்று சொல்லி அனுப்பினார் மருத்துவர்.

நோய் வருவது அவருக்குத் தெரியாது. துணியில் தெரியும். தூக்கம் போனால் பை தைக்க ஆரம்பித்துவிடுவார். கால்சட்டையின் மடிப்பில், கைப்பட்டியில், பைக்குள்ளேயே இன்னொரு பை. கை பறக்கும், பேச்சு அதைவிடப் பறக்கும். முதலாளிகளுக்கு மிகவும் பிடித்த கட்டம் அது.

பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்த வாரத்தில் முதலாளி தலையைச் சொறிந்தார். "ரெண்டே ராத்திரி, அண்ணே." ஆறுமணியும் வாய் தவறிச் சரி என்றுவிட்டார். மூன்றாம் நாள் காலை கட்டிங் மாஸ்டர் ஒரு சட்டையின் காலரைத் திருப்பினார். உள்ளே, பொத்தானோடு, அழகான குட்டிப் பை.

"இது எதுக்குய்யா?"

"விழுந்த பல்லைப் பசங்க பத்திரமா வெச்சுக்கத்தான், மாஸ்டர். எல்லாச் சட்டைக்கும் வெச்சுரலாம். தூக்கமே தேவைப்படல. ஜென்மத்துல நான் இவ்வளவு நல்லா இருந்ததில்ல."

"அதான் பயமா இருக்கு" என்றார் மாஸ்டர். குனிந்து, எந்திரத்தின் பாபின் கேஸைக் கழற்றினார். அடிநூலைத் தாங்கும் அந்தச் சின்ன இரும்பு இல்லாவிட்டால் ஒரு தையல்கூட விழாது. அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆறுமணியின் மனைவிக்குப் போன் செய்தார்.

அந்த அம்மாள் வந்து காலரை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்ல யோசனைதான். தூங்கி எழுந்தப்புறமும் நல்லாத் தெரிஞ்சா தைங்க. இப்ப டாக்டர்கிட்ட போவோம், வாங்க."

"உருப்படியெல்லாம் பாக்கி நிக்குதேம்மா" என்று இழுத்தார் முதலாளி.

"ஆளு உருப்படியா இருந்தாத்தானே உங்க உருப்படி?"

மறுநாள் ஆறுமணி மதியத்துக்கு மேல் கடைக்கு வந்தார். மருத்துவர் அளவை அதிகமாக்கித் தந்த மாத்திரையில் விடிந்தும் தூங்கியிருந்தார். முகம் வீங்கியிருந்தது. கால் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதிகம் பேசவில்லை. காலர்ப் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மாஸ்டர் திருப்பித் தந்த பாபின் கேஸை மாட்டி, மிச்சச் சட்டைகளைத் தைத்தார். ஆறு மணிக்கு விளக்கை அணைத்தார். பாபின் கேஸைத் தானே கழற்றி மாஸ்டரின் சட்டைப்பையில் போட்டுவிட்டு, செருப்பைத் தேடினார்.