அக்காவின் ஆட்டோகிராப் நோட்டு

என் அப்பா மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். எனக்குத் திட்டாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். ரிசல்ட் வந்த பேப்பரில் அவள் நம்பர் இல்லை. கணக்கில் போய்விட்டது. அப்பா அடிக்கவில்லை, கத்தவில்லை. “இவகூட யாரும் பேசக்கூடாது” என்றார், அவ்வளவுதான். அம்மா சோற்றுத் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போவாள். பத்து வயதுக்காரி நானும் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளை என்று பேர் வாங்கினேன். பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு திருவண்ணாமலையைச் சுற்றி, வழி நெடுக சாமி பேரைச் சொன்ன மனிதர், பெற்ற பெண்ணின் பேரை நாற்பது நாள் சொல்லவில்லை. என்ன பக்தியோ.

அக்காவின் சிநேகிதி, பஜாரில் அத்தர் கடை வைத்திருந்த பாயின் மகள், பாஸாகியிருந்தாள். தினமும் அக்காவைத் தேடி வந்தாள். “அவ ஊருக்குப் போயிருக்கா, நீ போம்மா” என்று அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்புவாள். உள்ளே இருந்த அக்காவுக்கு அது கேட்கும்.

ஒரு நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு ரிப்பன், பேனா, ஆட்டோகிராப் நோட்டு எல்லாவற்றையும் கொடுத்தாள். பள்ளிக்கூடம் முடியும்போது தோழிகள் எழுதித் தந்த நோட்டு அது. அதுவரை என்னைத் தொடவே விட்டதில்லை.

“நீயே வெச்சுக்கோ. எனக்கு வேணாம்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் காட்டினேன். “கிழிச்சிடாத” என்றாள். சாயங்காலம் சிநேகிதி வந்ததும் வாசலுக்கு ஓடி அவளிடமும் காட்டினேன்.

அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள். “இத யாரு குடுத்தா?”

“அக்காதான். எல்லாத்தையும் எனக்கே குடுத்துடுச்சு.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “தள்ளுங்கம்மா” என்று இடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அக்கா அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. அப்பா வந்ததும் சிநேகிதி அவர் எதிரே போய் நின்றாள்.

“நீங்க பேசலன்னா எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். உசுரோடயாவது இருப்பா.”

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்குத்தான் அக்காவிடம், “சாப்டியாம்மா?” என்று கேட்டார்.

போகும்போது சிநேகிதி அந்த நோட்டை என்னிடமிருந்து பிடுங்கி அக்கா கையில் கொடுத்தாள். நான் புரண்டு அழுதேன். ஒரு மாதம் அந்தச் சிநேகிதியோடு பேசவில்லை. கோபம் வந்தால் பேசக்கூடாது, எங்கள் வீட்டில் கற்றது அதுதானே.

பதினாறு வயதுப் பெண் ஆசை ஆசையாய் வைத்திருந்ததையெல்லாம் எதற்காக எடுத்துக் கொடுக்கிறாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எனக்காவது பத்து வயது. அப்பா அம்மாவுக்கு என்ன கேடு?