மீசையை எடுத்த நாள்

முதல் அடி பின்னந்தலையில் விழுந்தது. காலையில்தான் மொட்டை போட்டிருந்தேன். சந்தனம் பூசிய இடத்தில் யாருடைய ஹெல்மெட்டோ வந்து மோதியது. திரும்புவதற்குள் அடுத்த அடி. அவனியாபுரம் ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில், பட்டப்பகலில், என் மகளின் கண்ணெதிரே என்னை அடித்தார்கள். இப்போதும் யாராவது ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்தால் என் தோள்கள் தாமாகக் காதுவரை ஏறிவிடுகின்றன.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம். பிள்ளை நாலு சொல் சேர்த்துப் பேசினால் அவள் அப்பன் முடி கொடுப்பான் என்று என் மனைவி குலதெய்வத்துக்கு நேர்ந்திருந்தாள். ஒருநாள் காலையில் பிள்ளை, "அம்மா தோசை வேணும் இப்ப" என்றாள். மனைவி தோசைக் கரண்டியோடு அழுதாள். அன்றே எனக்கு நாள் குறித்துவிட்டாள்.

கோயில் வாடிப்பட்டி தாண்டி இருக்கிறது. மேளமும் கூட்டமும் பிள்ளைக்கு ஆகாது என்பதால் நான் மட்டும் போனேன். தலை முடிந்ததும் மொட்டை போடுகிறவர் கத்தியை மூக்குக்குக் கீழே கொண்டுவந்தார்.

"மீசையுமா?" என்றேன்.

"சாமிக்குக் குடுக்கிறதுல மிச்சம் வைக்கலாமாண்ணே?"

திரும்பும் வழியில் மனைவி போன் செய்தாள். "எனக்குக் காய்ச்சலா இருக்கு, எந்திரிக்க முடியல. வாரப்ப பிள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க."

பிள்ளை பகலில் போகும் பயிற்சி மையத்தில் ஆயா என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "என்ன சார், உரிச்ச வெங்காயம் மாதிரி நிக்கிறீங்க!" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைக் கூட்டிவந்து ஷேர் ஆட்டோவில் அவரே உட்கார வைத்தார். கண்ணாடியில் தொங்கிய குஞ்சத்தை விட்டுப் பிள்ளையின் கண் வழியெல்லாம் நகரவே இல்லை. பக்கத்தில் இருப்பது யாரென்று அவள் பார்க்கவில்லை.

இதைப் பற்றி அந்த மையத்து டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். மாம்பழம் எது என்று கேட்டால் பிள்ளை சரியான அட்டையை எடுப்பாள். புது அட்டைகள் வந்த அன்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய மாம்பழ அட்டையின் ஒரு மூலை மடங்கியிருந்தது. அவள் எடுத்துக்கொண்டிருந்தது அந்த மடிப்பைத்தான். "முழுசாப் பாக்க மாட்டா சார். ஏதோ ஒண்ணப் புடிச்சுக்குவா, மத்தது கண்ணுல படாது" என்றார் டீச்சர். நாங்கள் சிரித்தோம். நானும் அவளுக்கு ஓர் அட்டைதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ரோட்டைக் கடக்கும் முன் என் மீசையை ஆள்காட்டி விரலால் ஒருமுறை தடவுவது அவள் வழக்கம். கொஞ்சுகிறாள் என்று நினைத்திருந்தேன். அன்று நிறுத்தத்தில் இறங்கியதும் கையை உயர்த்தினாள். விரல் வெறும் உதட்டில் பட்டது.

அப்படியொரு அலறலை நான் கேட்டதில்லை. "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டே என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் தோலுக்குள் இறங்கியது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன, விட்டால் சக்கரத்துக்கு அடியில்தான். இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"ஏய், யாருடா நீ? பிள்ளைய விடுறா!"

"எம் மகளுண்ணே."

"அது அப்பனக் கூப்பிட்டு அழுகுது, நீ மகளுங்கிற?"

"மாப்ள, பிள்ள புடிக்கிறவன்டா!"

அப்போதுதான் ஹெல்மெட் விழுந்தது. போனை எடுத்து நாங்கள் மூவரும் இருக்கும் படத்தைக் காட்டினேன். "இது வேற ஆளுடா. போனைக் களவாண்டு வந்திருக்கான்" என்றான் ஒருவன். அவர்களும் மீசையைத்தான் பார்த்தார்கள். பட்டறையிலிருந்து ஓடிவந்தவன் கையில் ஸ்பேனர் இருந்தது. அது புருவத்தில் இறங்கியதும் ஒரு கண் சிவப்பாகி, பிறகு தெரியாமல் போனது. யாரோ பிள்ளையைப் பிரித்து இழுத்தார்கள். நான் விழுந்த வேகத்தில் ஒரு பைக்கும் சாய்ந்தது.

அலறல் நின்றுவிட்டது. இன்னொரு கண்ணால் பார்த்தேன். சாய்ந்த பைக்கின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை அதன் முன் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் என் விலாவில் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்தாள்.

"பாரு, இவனை விட்டதும் பிள்ள அமைதியாயிருச்சு" என்றாள் ஒருத்தி.

கீழே கிடந்த போன் அடித்தது, திரையில் மனைவியின் படம். நிறுத்தத்தில் கடை போட்டிருந்த காய்கறிக்காரம்மா எடுத்து, "உம் புருஷன் போன ஒரு களவாணிப் பய வச்சிருக்கான், ஒரு பிள்ளையையும் இழுத்துட்டு இங்க ஆட்டோ ஸ்டாப்புக்கு வந்திருக்கான்" என்றார். வீடு அடுத்த தெருதான். காய்ச்சல் உடம்போடு, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மனைவி ஓடிவந்தாள். வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றி முதலில் நின்றவன் முகத்தில் அறைந்தாள்.

"எம் புருஷன்டா! சாமிக்கு முடி குடுத்துட்டு வாராருடா, படுபாவிகளா!"

ஹெல்மெட்டால் அடித்தவன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஸ்பேனர் வைத்திருந்தவன் சோடா வாங்கி வந்து, "மன்னிச்சிருங்கண்ணே" என்றான். குடித்தேன். ரத்த ருசிதான் இருந்தது.

புருவத்தில் தையல், விலாவில் விரிசல். அவையெல்லாம் ஆறிவிடும் என்றார்கள். வீட்டில் பிள்ளைக்கு நான் சாதத்தட்டை நீட்டினால் அது சுவரில் போய் விழுந்தது. டம்ளர் முகத்துக்கு வந்தது. மனைவி கண்மையால் எனக்கு மீசை வரைந்தாள். பிள்ளை அதைத் தடவி, விரலில் ஒட்டிய கறுப்பைப் பார்த்துவிட்டு என்னைக் கன்னத்தில் அறைந்தாள். சாயங்காலங்களில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிடுவாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பேன்.

மீசை முளைத்தது, நரையாக. சாயம் பூசினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்புட்டுச் சீக்கிரம் வருவாளா? பொறுங்க" என்றாள் மனைவி. அவள் குரலிலும் தைரியம் இல்லை.

தையல் பிரித்த இடத்தில் புருவத்துக்குக் குறுக்கே தடிப்பாக ஒரு தழும்பு நின்றது. ஒரு காலையில் மூவரும் ரோட்டோரம் நின்றோம். அம்மா கையைப் பிடித்திருந்த பிள்ளை சட்டென்று என் பக்கம் திரும்பினாள். அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விரல் தழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. வலித்தது. நான் அசையவில்லை. "அப்பா" என்றாள். கையைக் கொடுத்தாள்.

அதன்பின் தினமும் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் கால் வைக்கிறாள்.

போன வாரம் விலாவைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். டாக்டர் புருவத்தையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "தழும்பு நல்லா அமுங்கிட்டு வருது சார். போகப் போக இருந்த இடமே தெரியாது" என்றார் சந்தோஷமாக.

மனைவி என் கையைப் பிடித்தாள்.

"போகாம இருக்க ஏதாச்சும் செய்ய முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.