அப்பா மறந்த நான்கு ஞாயிறுகள்

எலக்ட்ரிக் ரயில் இரண்டு நிமிடம் தாமதித்தாலே தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்று முணுமுணுக்கிறவள் நான். எனக்குக் கல்யாணம் பேசி, டிசம்பர் முதல் வாரத்தில் தேதியும் குறித்தார் அப்பா. எழுபதுகளின் தொடக்கம் அது. மார்கழி பிறந்துவிட்டால் ஆபீஸ் நண்பர்கள் வரத் தயங்குவார்கள் என்று தினசரி காலண்டரைப் புரட்டிப் பார்த்துக் குறித்த தேதி. பிறர் மனம் கோணாமல் நடப்பதில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது.

நவம்பரில் மாதா கோயிலுக்குப் போய்ச் சொன்னபோது ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அட்வென்ட்ல நம்ம பங்குக் கோயில்ல கல்யாணம் வைக்கிறதில்லையே சார். கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் நாம தயாராகுற காலம். உங்களுக்கா நான் சொல்லணும்?"

சிறுவயதில் எங்களுக்கு மறைக்கல்வி வகுப்பில் இந்த அட்வென்ட், அதாவது திருவருகைக் காலம் பற்றிப் பாடம் எடுத்தவரே அப்பாதான். ஊரார் மார்கழியை நினைவு வைத்திருந்தவர், சொந்த மார்கழியைக் கோட்டை விட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு அரிசி மண்டிக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், உங்களுக்கும் மார்கழி கீதா? சொல்லவேயில்ல."

கல்யாணம் கிறிஸ்மஸுக்கு மறுவாரம் தள்ளிப்போனது. மாப்பிள்ளைக்குப் போபாலில் வேலை. ஏற்கெனவே வாங்கியிருந்த ஒரு மாத லீவு கிறிஸ்மஸோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லித் தந்தி கொடுத்துவிட்டுப் பல்லாவரத்தில் அத்தை வீட்டில் தங்கினார். கிடைக்காவிட்டால் கோடைதான், அதற்குள் அவர் வீட்டார் மனசு மாறிவிடும் என்று அம்மா அழுதாள். எனக்கு அப்பா மேலும் ஃபாதர் மேலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஞாயிறுதோறும் மாப்பிள்ளை எங்கள் கோயிலுக்கே வந்தார். ஊதா அங்கியில் ஃபாதர், ஆயத்தமாக இருங்கள் என்று பிரசங்கம் செய்தார். நான் ஆயத்தமாக ஆண்கள் பக்கம் ஓரக்கண் வைத்திருந்தேன். சுதி சேராமல், அதுவும் உரக்கப் பாடுகிறவர் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம், யாரோ ஒருவரின் அழுகிற குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பூசை முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்றார். மூன்றாம் வாரம் பிரசங்கத்தில் தூங்கினார். அதுவும் தெரிந்திருக்க வேண்டியதுதானே.

நான்காம் ஞாயிறு பூசை முடிந்ததும், அம்மா பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம் வந்தார். அதுதான் முதல் பேச்சு.

"தந்தி இன்னும் வரலைங்க. லீவு இல்லேன்னா மே மாசம் ஆயிடும். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க."

"மே மாசம் வாங்க. இருக்கேன்," என்றேன்.

அம்மா என்னை வேற்று ஆளைப் போலப் பார்த்தாள்.

லீவு கிடைத்தது. நடு மார்கழியில் கல்யாணம். ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் வந்தார்கள். அரிசி மண்டிக்காரர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார்.

அப்பா குறித்த தேதியில் நடந்திருந்தால், போட்டோவில் பார்த்த ஒருவருக்குக் கழுத்தை நீட்டியிருப்பேன். நாலு வாரம் கழித்து எனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டேன்.