பாய் விரித்த பிக்கப்

பழவேற்காட்டிலிருந்து சுண்ணாம்புக்குளம் போகும் சாலையில், காசிம் பாயின் பழைய டீசல் பிக்கப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரில் ஒரு புதுப் படகு வருகிறது. மீனவர் எல்லப்பன் தன் மகளுக்குக் கொண்டுபோகும் கல்யாணச் சீர் அது. ஏரியில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லாததால் படகு தரைவழியாகப் போகிறது. பொழுது சாய்வதற்குள் சேர வேண்டும். டீசலோ பாதி வழிக்குத்தான் வரும்.

அதனால் எல்லப்பன் படகில் நின்று பாயை விரித்திருக்கிறார். கடல்காற்று பின்னாலிருந்து தள்ள, இன்ஜினை அணைத்துவிட்டு மாட்டுவண்டி வேகத்தில் போகிறோம்.

சோதனைச் சாவடியில் அரைக்கால் சட்டை போட்ட போலீஸ்காரர் கை காட்டுகிறார். "வண்டி ஓட்றது யாரு?"

காசிம் பாய் யோசித்துப் பின்னால் காட்டுகிறார். "இப்போதிக்கி அவருதான் சார்."

"லைசென்ஸ் இருக்கா?"

"காத்துக்கு இன்னா சார் லைசென்ஸு?" என்கிறார் எல்லப்பன் மேலிருந்து.

"மொதல்ல பாயை எறக்கு."

காசிம் பாய் இறங்கி நிற்கிறார்.

"உன்ன இல்லய்யா, அந்தத் துணிய."

எல்லப்பன் பாயைச் சுருட்டுகிறார். காசிம் பாய் கீழே நின்றபடியே உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் இருமிவிட்டு அடங்குகிறது. போலீஸ்காரரும் சேர்ந்து தள்ளியும் வண்டி அசையவில்லை. பின்னால் மீன் லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைக்கிறார். "லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"

"பாய் விரிச்சதுலேர்ந்து டீசலே எறங்கல சார்" என்கிறார் காசிம் பாய்.

"சரி, விரிச்சுத் தொலை" என்று தடுப்புக் கட்டையைத் தூக்குகிறார்.

காற்று பிடித்துக்கொள்கிறது. தன் வண்டியைத் துரத்திக்கொண்டு காசிம் பாய் ஓடிவருகிறார்.