சிமெண்டுப் பெட்டிக்கு முதுகு கொடுத்தவன்

ரயில் யார்டைப் பார்த்த முதல் நாளே பத்துமலைக்கு ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றியது. மலேசியாவின் ஈப்போ ஸ்டேஷனுக்கு அப்பால் பரந்து கிடந்த அந்த இடத்தில் எந்தத் தண்டவாளம் எங்கே போகிறது என்றே அவனுக்குப் பிடிபடவில்லை. எஞ்சின் பரவாயில்லை, சத்தம் போட்டுக்கொண்டு வரும், விலகிவிடலாம். அவனை நடுங்கவைத்தவை எஞ்சின் தள்ளிவிட்ட பிறகு தாமாக உருண்டு வரும் சரக்குப் பெட்டிகள். வீடு அளவு பெட்டி, பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நிற்கும்.

அவன் பாகான் டத்தோ பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கேயே குலை சுமந்து, அங்கேயே நவமணியைக் கட்டினான். தோட்டம் கைமாறியதும் புது முதலாளி குத்தகை ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். இவன் வேலை போயிற்று. எழுபதுகளின் கடைசி அது. ஈப்போவில் ரயிலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து நவமணி அவனை நச்சரித்தாள். அவனுக்கோ தனியாகப் போகப் பயம். கல்யாணமான ஆண்பிள்ளை இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஆகவே நவமணியின் தம்பி ராமையாவைப் பிடித்துக்கொண்டான்.

ராமையா ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் மீன் படகில் வேலை பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். "எனக்கு எதுக்கு மச்சான் ரயிலு? கடலே போதும்லா" என்றான். பத்துமலை விடவில்லை. கவர்மெண்டு வேலை, குவார்ட்டர்ஸ் கிடைக்கும், பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள் என்று இருப்பதையும் இல்லாததையும் சொல்லி இழுத்துக்கொண்டு வந்தான். பஸ் ஏறும்போது நவமணி தம்பியைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள்.

"எனக்கு இருக்கறது ஒரே தம்பி. ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

யார்டில் புது ஆட்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் ஹசான் என்ற மண்டோர், அதாவது மேஸ்திரி. தமிழர்களோடு வேலை செய்தே தமிழ் பேசப் பழகியவர். முதல் வாரம் அவர் யாரையும் பெட்டிகளை இணைக்கும் கொக்கியைத் தொடவே விடவில்லை. தண்டவாளத்தின் மேல் கால் வைக்காதே, வழுக்கும். நிற்கிற பெட்டியை ஒட்டிக் குறுக்கே போகாதே. கொக்கி மாட்டக் குனியுமுன் டிரைவருக்குக் கை காட்டு, அவன் பதிலுக்குக் காட்டும்வரை காத்திரு. பெட்டியை நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கட்டை கொடு. இவற்றையெல்லாம் ஒரு தடவைதான் சொன்னார். ஒன்றை மட்டும் தினமும் சொன்னார்.

"பெட்டி சும்மா உருண்டா புடிக்கப் போகாதே. தெரியாக் டுலு. மொதல்ல கத்து. கத்தறதுக்கு வெக்கப்படாதே."

புது ஆட்கள் சிரித்தார்கள். பத்துமலைக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டத்திலும் தண்டவாளம் இருந்தது. இடுப்பு உயர டிராலிகளில் செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலைவரை ஆட்களே தள்ளிக்கொண்டு போவார்கள். சரிவில் ஒரு டிராலி கைமீறி ஓடினால் பக்கத்தில் இருப்பவன் அதன் முன்னால் பாய்ந்து, திரும்பி, முதுகைக் கொடுத்து, குதிகாலைத் தண்டவாளக் குறுக்குக் கட்டையில் ஊன்றி நிறுத்துவான். வாயைத் திறக்கமாட்டான். கத்தியவனைச் சாயங்காலம் கள்ளுக்கடையில் உரித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பு பத்துமலை ஒரு தடவை கத்தித் தொலைத்து, மாதக்கணக்கில் கேலி வாங்கினான். அதற்குப் பிறகு அவன் கத்தியதில்லை.

யார்டில் பயந்து பயந்தே நாள் போயிற்று. ஹசான் சொன்ன விதிகளைச் சாமி மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே நடப்பான். தன் உயிருக்கு அஞ்சியது பாதி, ராமையாவுக்காக அஞ்சியது பாதி. "கட்டை குடுத்தியா? கை காட்டினியா?" என்று அவன் பின்னாலேயே அலைவான்.

"பெட்டியப் பாத்தா பேயப் பாத்த மாதிரி முழிக்கிறீங்களே மச்சான்" என்று ராமையா சிரிப்பான்.

நவமணியும் ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் வாடகை அறை எடுத்துச் சமைக்கத் தொடங்கிய பிறகுதான் அது நடந்தது. மத்தியான மழை. வரிசையாக நின்ற பெட்டிகளின் கடைசிப் பெட்டியில், ராமையா தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, குனிந்து கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அதே தண்டவாளத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி சிமெண்டு ஏற்றிய ஒரு சரக்குப் பெட்டி நின்றது. யாரோ கட்டை கொடுக்க மறந்திருந்தார்கள். அது மெல்ல நகர்ந்தது.

இடையில் நின்ற பத்துமலை பார்த்துவிட்டான். நேரம் இருந்தது. ராமையா பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்தால் போதும். பத்துமலைக்கு விதிகள் அத்தனையும் மனப்பாடம். ஆனால் அவன் உடம்பு விதிகளைக் கேட்கவில்லை. பெட்டியின் முன்னால் பாய்ந்தான், திரும்பினான், முதுகைக் கொடுத்தான், குதிகாலை ஊன்றினான்.

பெட்டி அவனைச் சட்டை செய்யவே இல்லை. அவனையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போயிற்று. கண்ணுக்கு நேரே ராமையாவின் முதுகு நெருங்கி நெருங்கி வந்தது. பத்துமலை பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினான். கடித்த பல் திறக்கவில்லை. கடைசியில் ஈரக் குறுக்குக் கட்டையில் கால் வழுக்கித் தண்டவாளத்துக்கு வெளியே போய் விழுந்தான். பெட்டி போகவேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. ராமையாவிடமிருந்து சத்தமே வரவில்லை.

சாவு வீட்டில் எல்லாரும் பத்துமலையைத்தான் புகழ்ந்தார்கள். தோல் உரிந்த அவன் முதுகைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள். தம்பியைப் பறிகொடுத்த நவமணியே அவனுக்கு மருந்து போட்டுவிட்டாள். "என் தம்பிக்காக உசுரையே குடுக்கப் போனாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முன்பு பெட்டிக்குப் பயந்தவன் இப்போது பெண்டாட்டி கேட்கக்கூடிய ஒரு கேள்விக்குப் பயந்தான். பயந்துகொண்டே வேலையைத் தொடர்ந்தான், பிள்ளைகளைப் பெற்றான், எண்பதுகளில் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் மண்டோரும் ஆனான்.

ஒரு தீபாவளிக்கு, யார்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சிக்கந்தர், பத்துமலை வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். நவமணி இடியப்பம் பரிமாறினாள்.

"ஒங்க வீட்டுக்காரரு தொண்டைய என்னான்னு சொல்றது தங்கச்சி" என்றார் சிக்கந்தர் வாயில் இடியப்பத்தோடு. "புது ஆளுங்களுக்கு அவரு சொல்றது என் கடைவரைக்கும் கேக்குது. பெட்டி உருண்டா புடிக்காதே, ஒரு கத்து கத்து, ஆளு தப்பிச்சுக்குவான்னு. அதே பாட்டுத்தான் தினமும்."

நவமணி குழம்புக் கரண்டியோடு நின்றாள். சிக்கந்தர் கை கழுவப் பின்பக்கம் போனதும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நீங்க கத்துனீங்களா?"

பொய் சொல்ல அவனுக்குப் பயமாக இருந்தது. உண்மை சொல்லவும் பயமாக இருந்தது. தலையை இல்லை என்று ஆட்டினான்.

"ஒரு தடவகூடவா?"

அவன் மறுபடியும் தலையை ஆட்டினான்.

"சின்னப் புள்ளையிலேருந்து என் தம்பி அப்படித்தான்" என்றாள் நவமணி. "யாரு கூப்புட்டாலும் ஒடனே திரும்பிப் பாத்துருவான்."